மேடையை விட்டுவையுங்கள்

நகராட்சித் தலைவர் அம்மாவுக்கும் கவுன்சிலர்களுக்கும் வணக்கம்.

சமுதாயக் கூடத்தின் கிழக்குக் கோடியை இடித்து ஆறு கடை கட்டப்போவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். தெலுங்கில் இருந்ததை என் பேரன் படித்துச் சொன்னான். அந்தக் கிழக்குக் கோடிதான் எங்கள் மேடை.

மேடைக்கென்று கட்டியதல்ல, ஒப்புக்கொள்கிறேன். கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரப் போட்ட இரண்டடித் திண்ணை. ஒரு சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில் களத்தில் கூத்து நடக்கும்போது கோடைமழை பிடித்துக்கொண்டது. கல்யாண முருங்கைக் கட்டையில் ஜிகினா ஒட்டிய கிரீடம் நனைந்தால் போச்சு. துரியோதனன் அதைத் துண்டால் மூடிக்கொண்டு கூடத்துக்குள் ஓட, பின்னாலேயே ஊரும் ஓடியது. திண்ணையில் ஏறிக் கூத்துக் கோமாளி கட்டியங்காரன் பாதி தமிழும் பாதி தெலுங்குமாக மழையைத் திட்டினான் பாருங்கள், பூசாரியே விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வருஷம் மழை இல்லை, ஆனாலும் கூத்து உள்ளேதான் நடந்தது. அப்புறம் இளவட்டங்கள் சமூக நாடகம் போட்டார்கள். படுதா கட்டிய கொக்கி இரண்டும் இன்னும் உத்தரத்தில் இருக்கின்றன.

கூடம் கூட்டம் நடத்தத்தான் என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலையும் டவுன் ஹாலாகத்தான் கட்டினார்கள். 1883இல் அடிக்கல் நாட்டியவர் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு, நம் ஆந்திரக்காரர். 1891இல் பல்லாரி வக்கீல் கிருஷ்ணமாச்சார்லு தம் குழுவோடு பட்டணம் வந்து தெலுங்கு நாடகம் போட்டார். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்த பம்மல் சம்பந்த முதலியார், அதைப் பார்த்துவிட்டு அதே வருஷம் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். டவுன் ஹால் அந்தச் சபையின் நாடக அரங்கானது. தமிழ் நாடகம் தெலுங்கு மேடைக்குப் பட்ட கடன் இது. எங்கள் மேடை தமிழுக்கு மட்டும் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திரப் பக்கம் நின்றுவிட்டோம். என் பேரனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் கர்ணன் சாகிற ராத்திரி என் மடியில் உட்கார்ந்து விடியவிடியப் பார்ப்பான்.

கடை வேண்டாம் என்று சொல்லவில்லை. மேற்கே ஒழுகிக்கொண்டு கிடக்கிற பழைய குடோனை இடித்துக் கட்டுங்கள். சித்திரையில் பாரதம் வைக்கிறோம். பங்குனிக்குள் பதில் சொன்னால் கூத்து வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிடுவோம்.