பாட்டி பேசினால் பிள்ளை குழம்பாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் தமிழும் பக்கத்து வீட்டில் மலாயும் கேட்கும் குழந்தை குழம்பிப்போகும், டேப்லட்டில் படம் காட்டி ஒரே மொழியில் சொற்களைப் பழக்குங்கள் என்று சென்ற ஞாயிறு குடும்பப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் தாய்மார்கள் பிள்ளைகளை அவரிடம்தான் விட்டுப்போவார்கள். புதுப் பொருள் எதையாவது அவர் பெயர் சொல்லிக் காட்டினால், பிள்ளை முதலில் அவர் முகத்தைப் பார்க்கும். அவர் கண் போகும் இடத்துக்குத் தன் கண்ணையும் கொண்டுபோகும். பந்தும் கரண்டியும் அறிந்த பிள்ளை முன்னால் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்றையும் சேர்த்து வைத்து, "மங்கு எடு" என்றால், கை நேராகத் தெரியாத பொருளுக்குத்தான் போகும்.

டேர் பால்ட்வின் என்ற ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் 18 மாதக் குழந்தைகளிடம் இப்படிக் கண் போகும் இடத்தைக் கவனிப்பதைத்தான் கண்டார். தன் கையில் வேறு பொம்மை இருந்தாலும், பேசுகிறவர் எதைப் பார்த்துச் சொல்கிறாரோ அதற்குத்தான் அந்தப் பெயர் என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. 2003இல் பட்ரிசியா கூல் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழியில் பேசிப் பார்த்தார்கள். நேரில் பேசி விளையாடியபோது அம்மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். திரையில் பார்த்த குழந்தைகளோ அவற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை. தங்களுக்குத் தெரியாததா இது?

ஒரு தடவை சரியான பொருளை எடுத்துவிட்டால் சொல் பதிந்துவிட்டது என்றும் இல்லை. 5 நிமிடத்தில் 2 வயதுப் பிள்ளைகள் அதை மறந்துவிடுவதை 2008இல் ஹார்ஸ்டும் சாமுவல்சனும் காட்டினார்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வீட்டில் ஆள் வேண்டும் ஐயா. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை இடித்தார்கள், ஆயாக் கொட்டகை போனது. மிச்சம் இருப்பது பாட்டிமார்கள்தான். அவர்கள் வாயையும் அடைக்கச் சொல்கிறீர்கள்.

கிளினிக்கில் ஒரு மிஸ்ஸி (தாதி), பிள்ளையிடம் தமிழை விட்டுவிடச் சொன்னார். என் மகள் பயந்துபோய், பேத்தியோடு நான் பேசுவதையே நிறுத்தினாள். அதைப் பற்றி எழுதினேன், நீங்கள் போடவில்லை. சிறுவர் பக்கத்தைப் பாதியாக்கி நகை விளம்பரம் போட்டபோதும் எழுதினேன், பதில் இல்லை. தோட்டத்து ஜனங்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்பது தங்கள் எண்ணமானால், அதையாவது வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

சரி, நான் கேட்பது ஒன்றுதான். இரண்டு மொழி கேட்பதால் குழந்தை குழம்பாது என்று வரும் ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், பாட்டிமார்கள் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலர் பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், மலேசியா