நான்கு விடைக்கும் ஒரே வட்டம்

ஆசிரியருக்கு,

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் படித்தவர்களுக்கு வைக்கும் தேர்வு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு, ஒவ்வொன்றுக்கும் 50 வீதம் 150 மதிப்பெண். சரி, அந்தப் பிரிப்பில் குறையில்லை. ஆனால், பெரியவர்களைப் பள்ளிப் பிள்ளைகளின் கேள்வித்தாள் வடிவில் அளந்தால் தெரிந்ததும் தெரியாததாகிவிடும். காசிமேட்டில் மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலன் நான். அங்கே படிக்கும் மீன்கார அக்கா ஒருவர், ஏலத்தில் எடுத்த கூடைக்கு ஐஸ், ஆட்டோ செலவெல்லாம் சேர்த்து, கிலோ என்ன விலைக்கு விற்றால் கட்டும் என்பதை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். மாதிரித் தேர்வில் ‘சரியான விடையை வட்டமிடுக’ என்றிருந்ததைப் பார்த்து, நான்கு விடைகளையும் உள்ளடக்கி ஒரே வட்டமாகப் போட்டுவிட்டார். மதிப்பெண் பூஜ்யம். கணக்குத் தெரியாமலா? (முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க எனக்கும் தோன்றவில்லை, அது வேறு விஷயம்.)

கேள்வித்தாளில் பாதியையாவது வங்கியில் பணம் எடுக்கும் படிவம், ரேஷன் கடைக் குறுஞ்செய்தி, மாத்திரை அட்டையில் உள்ள காலாவதித் தேதி என அன்றாடம் கைக்கு வருபவற்றிலிருந்து எடுக்கலாம். மீதியை, சேர்ந்த அன்று எதற்காகப் படிக்க வந்ததாகக் கற்பவர் சொன்னாரோ, அதை வைத்து அந்தந்த மையமே மதிப்பிடட்டும். அந்த அக்கா வந்தது, சுய உதவிக் குழுவின் கடன் புத்தகத்தில் தன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று தானே படிப்பதற்கு.

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை, சென்னை