படுக்கை காலியாவது யார் பொறுப்பு?

டர்பன்

அன்புள்ள மங்களம்,

பதில் போடாததற்குத் திட்ட வேண்டியதையெல்லாம் நேரில் வரும்போது திட்டிக்கொள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இவர் நலம். சர்க்கரை இவர் பேச்சைக் கேட்பதில்லை, இவர் என் பேச்சைக் கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுபெற்றவளைச் சும்மா விடாமல் ஒரு மருத்துவமனை வாரியத்தில் உறுப்பினராகப் போட்டுவிட்டார்கள். எந்த மருத்துவமனை என்று எழுதமாட்டேன்; ஊகித்தாலும் வாயைத் திறக்காதே. மேட்ரனுக்கே பாடம் எடுத்தவளுக்கு இது வேண்டும்தான் என்று நீ சிரிப்பாய், சிரி.

முதல் கூட்டத்தில் எல்லோரும் ஒரே பல்லவி பாடினார்கள். அவசரப் பிரிவு நடைபாதையில் நோயாளிகள் ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்கிறார்கள், படுக்கை போதாது, நர்ஸ் போதாது. போதாதுதான், யார் மறுத்தது? ஆனால் இருக்கிற படுக்கை என்ன ஆகிறது என்று பார்க்க, மறுநாள் காலை ஆண்கள் வார்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஜன்னலோரத்தில் ஒரு தாத்தா, நிமோனியா குணமானவர். பத்து மணிக்கு டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்றார். தாத்தா உடனே சட்டை மாற்றி, தலையில் தொப்பியும் மடியில் பையுமாக உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மிச்சப் படுக்கைகளையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் டிஸ்சார்ஜ் கடிதம் எழுத உட்கார்ந்தார். மருந்துச் சீட்டு தட்டில் கிடந்தது. அதை எடுத்துப்போக வேண்டிய போர்ட்டர் எக்ஸ்ரே அறைக்கு ஒருவரைத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். சீட்டு பார்மசிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே சாப்பாட்டு நேரம். மருந்துப் பொட்டலம் வார்டுக்கு வந்தபோது மணி நான்கு. தாத்தா தொப்பியோடு தூங்கிவிட்டிருந்தார். அதுவரை கீழே ஒருவர் அந்தப் படுக்கைக்காக நடைபாதையில் காத்துக் கிடந்தார்.

இதில் ஒருவர்கூடச் சோம்பேறி இல்லை, மங்களம். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. டாக்டர்களுக்கு ஒரு தலைமை, நர்சுகளுக்கு ஒன்று, பார்மசிக்கு ஒன்று, போர்ட்டர்களுக்கு வேறொன்று. அவரவர் மாத அறிக்கையில் அவரவர் வேலை சுத்தம். தாத்தா எத்தனை மணிக்குப் படுக்கையை விட்டு இறங்கினார் என்பது மட்டும் எவர் அறிக்கையிலும் இல்லை.

கூட்டத்தில் சொன்னேன்: வீட்டுக்குப் போகிறவர்களை டாக்டர் முதலில் பார்க்கட்டும், சீட்டு முந்தைய மாலையே பார்மசிக்குப் போகட்டும், காலை வேளையில் போர்ட்டர் வார்டு சிஸ்டரின் சொல்லுக்குக் கட்டுப்படட்டும். தலைமை நிர்வாகி மிக மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அருமை, இதற்கு ஒரு படிவம் தயாரிப்போம்" என்றார். படிவமாம்!

அறுவை அரங்கில் நாம் பார்க்காத படிவமா? உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் 2008-இல் வந்தது நினைவிருக்கும். டெல்லி முதல் சியாட்டில் வரை எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதே பட்டியலை 101 மருத்துவமனைகளில் பின்பற்றச் செய்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே பின்பற்றியதாகக் கணக்குக் காட்டினார்கள். 2014-இல் முடிவு வெளியானது: 0.71 சதவீதம் 0.65 ஆனது, புள்ளிவிவரப்படி அதைக் குறைந்தது என்றே சொல்ல முடியாது. ஆராய்ச்சியாளர்கள் காரணங்களை அடுக்கட்டும். என் கணக்கு எளிது: கட்டத்தில் டிக் போட ஆணை போதும், "டாக்டர், நிறுத்துங்கள்" என்று சொல்ல ஒரு நர்சுக்குத் துணிவு வேண்டும், அவள் பின்னால் நிற்க மேலே ஓர் ஆள் வேண்டும்.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறதே! 2004-இல் வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் கூடிய குழு வகுத்த அவசரப் பிரிவு முறை, நோயாளியின் அவசரத்துக்கு ஏற்ப ஒரு நிறம். சிவப்புக்கு உடனே, ஆரஞ்சுக்குப் பத்து நிமிடம், மஞ்சளுக்கு ஒரு மணி நேரம், பச்சைக்கு நான்கு மணி நேரத்துக்குள் சிகிச்சை. வாசலில் நாடித்துடிப்பும் மூச்சும் எண்ணி நிறம் தீர்மானிப்பது நர்ஸ்; டாக்டர் வரும்வரை அவள் காத்திருக்க வேண்டியதில்லை. வார்டில் மட்டும் அதே நர்சுக்கு ஒரு போர்ட்டரைக் கூப்பிட அதிகாரமில்லை என்றால் என்ன நியாயம்?

கூட்டம் முடிந்ததும் ஒரு சின்னப் பெண், முதல் வருட நர்ஸ், கார் நிறுத்துமிடம்வரை என் பின்னால் வந்தாள். மருந்து அளவு தவறாக எழுதியிருந்ததைப் பார்த்தும் வாய் திறக்கவில்லையாம். இன்னொருவர் கண்ணில் பட்டதால் நோயாளி தப்பினார். "சொன்னால் என் பெயர்தான் ரிப்போர்ட்டில் ஏறும், ஆன்ட்டி" என்றாள். என்னால் அவளுக்கு என்ன உத்தரவாதம் கொடுக்க முடியும், சொல். வாரியத்தில் எனக்கு இருப்பது ஒரு நாற்காலியும் ஒரு தட்டு சமோசாவும்தான்.

ஆனாலும் விடப்போவதில்லை. ஒரே ஒரு வார்டில் மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன். அதற்கு உன் உதவி வேண்டும். உன் வார்டில் தினமும் காலை எல்லோரையும் நிற்கவைத்துப் பத்து நிமிடம் பேசுவாயே, அந்த பார்மசிக்காரரை எப்படி வரவழைத்தாய்? விவரமாக எழுது. மிரட்டித்தான் வரவழைத்தாய் என்றால் எப்படி மிரட்டினாய் என்பதையும் எழுது.

தைப்பூசத்துக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலுக்கு வருகிறாய் அல்லவா? மருமகள் காவடி எடுக்கிறாள். நம் வீட்டிலேயே தங்கலாம்.

அன்புடன்,
உன் பார்வதி

பி.கு.: நம் ஈயச்சொம்பு டாக்டர் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார். மணப்பெண் யாரென்று எழுத்தில் வைக்கமாட்டேன்.