ஆங்கிலத்தில் ஒட்டி எழுத ஆறாம் வகுப்பிலேயே பழக்குவோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும்போதெல்லாம் "இங்கிலீஷில் பாஸ் பண்ணிய பிள்ளைக்கு சொந்தமாக ஒரு லெட்டர் எழுத வரவில்லையே" என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. பேச்சில் உண்மை இருக்கிறது, ஆனால் பத்தாம் வகுப்பில் போய் அதைச் சரிசெய்ய முடியாது. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில்தான் முடியும், அங்கேயும் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம், இரண்டு கருத்தை ஒட்டி ஒரே வாக்கியமாக எழுதப் பிள்ளைகளைப் பழக்கினால் பாதிக் குறை தீர்ந்துவிடும். காம்ப்ளெக்ஸ் சென்டன்ஸ் என்கிறோமே, தமிழில் கலவை வாக்கியம், ஒரு கருத்து இன்னொன்றைச் சார்ந்து நிற்பது, முக்கியமாக அதுதான். கடலூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இந்த மூன்று வகுப்புக்கும் ஆங்கிலம் எடுப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இப்போது இதை வாய்ப்பாடு மாதிரிதான் நடத்துகிறோம். 'இன் ஸ்பைட் ஆஃப்' வந்தால் 'தோ' போடு, 'டூ... டு' வந்தால் 'சோ... தட்... நாட்' போடு. பத்தாம் வகுப்பு வினாத்தாளில் கொடுத்த வாக்கியத்தை மாற்றி எழுதத்தானே கேட்கிறார்கள், அதனால் கைடும் அப்படி, டியூஷனும் அப்படி. பிள்ளையும் ஒப்பித்து மாற்றி எழுதி மார்க் வாங்கிவிடும். அதே பிள்ளையின் கட்டுரை நோட்டைப் புரட்டிப் பாருங்கள், கடைசிப் பக்கம் வரை ஒரு 'தோ' இருக்காது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்ததும், அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து வந்து கரையோர ஊர்கள் மிதந்ததும் இங்கே யாருக்கும் மறக்காது. அதைப் பற்றி ஏழாம் வகுப்பில் எழுதச் சொன்னபோது ஒரு பெண் எழுதியது இவ்வளவுதான்: 'சைக்ளோன் கேம். கரன்ட் வென்ட். வாட்டர் கேம். வி வென்ட் டு ஸ்கூல். வி ஆர் சேட்.' சரி, நடந்ததைத் தமிழில் சொல்லு என்றேன். "கரன்ட் போனதும், ஆத்துல தண்ணி ஏறுதுன்னு பக்கத்து வீட்டு மாமா சொன்னதைக் கேட்டு, அப்பா பாட்டியைத் தூக்கிக்கிட்டு, நாங்க படிக்கிற ஸ்கூலுக்கே எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டாரு மிஸ்" என்று மூச்சு விடாமல் சொன்னாள். எது முதலில் நடந்தது, யார் சொல்லித் தெரிந்தது, எந்த ஸ்கூல் எல்லாமே அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. யோசிக்கத் தெரியாத பிள்ளை இல்லை அவள். ஆங்கிலத்தில் ஒட்டுகிற வித்தையை நாம்தான் அவள் கையில் கொடுக்கவில்லை.

நம் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்பதும் தெளிவாகவே தெரிகிறது. தமிழில் ஒட்டு வினையின் வாலில் வரும்: போனதும், பெய்ததால், பெய்தாலும், வந்தால். ஆங்கிலத்தில் அது தலையில் வந்து நிற்கும்: வென், பிகாஸ், ஆல்தோ, இஃப். பெயரெச்சம் இன்னும் தலைகீழ். 'மீன் விற்கிற அக்கா' என்று நாம் விற்பதைச் சொல்லிவிட்டுத்தான் அக்காவுக்கு வருவோம், ஆங்கிலத்தில் அக்காவை முதலில் நிறுத்தி, 'தி உமன் ஹூ செல்ஸ் ஃபிஷ்' என்று பின்னால் விவரம் சொல்ல வேண்டும். இதை யாரும் சொல்லித் தராததால் பிள்ளை 'ஃபிஷ் செல்லிங் உமன் இஸ் கேம்' என்று எழுதிவிட்டுத் திட்டு வாங்குகிறது. 'ஆல்தோ இட் ரெய்ன்ட் பட் வி வென்ட்' என்று இரண்டு ஒட்டுப் போடுவதும், 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ' என்று கேள்வியை அப்படியே உள்ளே தூக்கி வைப்பதும் வகுப்புக்கு வகுப்பு பார்க்கிற தவறுகள்தான், அவற்றுக்கும் இதே மாதிரி ஒருதடவை காரணம் காட்டிவிட்டால் ஒரு மாதத்தில் பெருமளவு குறைந்துவிடும்.

ஆங்கில வகுப்பில் தமிழ் வாயே திறக்கக் கூடாது என்று சில பள்ளிகளில் கட்டளையே போடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. 2009-ம் வருட கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் கணிதத்துக்கு ஒருவர், சமூகவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் குறைந்தது இருக்க வேண்டும் என்கிறது. மொழிகளுக்கு என்றுதான் இருக்கிறது, மொழிக்கு ஒருவர் என்று இல்லை, அதனால் சிறிய பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் ஒரே ஆசிரியர் தலையில் விழலாம். இதைச் சுமை என்று சொல்வார்கள், சுமைதான், ஆனால் காலையில் தமிழில் பெயரெச்சம் நடத்துகிறவரே மதியம் 'ஹூ', 'விச்' நடத்தினால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்ட அவரை விடப் பொருத்தமான ஆள் யார்?

பயிற்சி என்று பார்த்தால் பெரிய செலவே கிடையாது. இரண்டு மூன்று சின்ன வாக்கியங்களைப் போர்டில் எழுதி, ஒன்றாக ஒட்டு என்று விட்டால் போதும். ஸ்டீவ் கிரகாம், டோலோரஸ் பெரின் இருவரும் நியூயார்க் கார்னகி நிறுவனத்துக்காக 2007-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், நாலாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எழுத்தை மேம்படுத்தும் வழிகளில் இந்த ஒட்டும் பயிற்சியையும் சேர்த்திருக்கிறார்கள், இலக்கணத்தை மட்டும் தனியே நடத்தியதால் எழுத்து மேம்படவில்லை என்றும் அதில் இருக்கிறது. அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துச் சொன்னது நமக்கு அச்சாகப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் என் வகுப்பில் பார்ப்பதும் அதையேதான் சொல்கிறது.

ஜூடித் ஹாக்மன் என்ற அமெரிக்க ஆசிரியையின் வழி ஒன்றும் எனக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. ஒரே தொடக்கத்தைக் கொடுத்து பிகாஸ், பட், சோ மூன்றாலும் முடிக்கச் சொல்ல வேண்டும். 'சில்வர் பீச் இஸ் கிரௌடட் ஆன் சன்டேஸ்' என்று தேவனாம்பட்டினத்தையே கொடுத்தேன். பிகாஸ் தேர் இஸ் நோ ஸ்கூல் என்று ஒருவன், பட் மை மதர் டஸ் நாட் அலோ மீ என்று ஒருத்தி, சோ தி சுண்டல் மேன் இஸ் ஹேப்பி என்று இன்னொருவன். இதில் 'பிகாஸ்' மட்டும்தான் கலவை வாக்கியம், மற்ற இரண்டும் தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களைச் சேர்ப்பவை, அது பரவாயில்லை. கை பழகியதும் அந்த 'பட்'டை எடுத்துவிட்டு 'ஆல்தோ' போட்டு எழுது என்றால் தானாக வருகிறது. அப்புறம் வென், அப்புறம் ஹூ.

'பிகாஸ்' வைத்து வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று ஒரு விதி ஊரெல்லாம் சுற்றுகிறது. அப்படி ஒரு விதி கிடையாது. 'பிகாஸ் தி டேம் வாஸ் ஓபன்ட், வாட்டர் என்டர்ட் அவர் ஸ்ட்ரீட்' முழுசாகச் சரியான வாக்கியம். நடுவில் கமா போட வேண்டும், பின்பாதியை எழுதாமல் பாதியில் புள்ளி வைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சிவப்பு மையையும் கொஞ்சம் அடக்கி வைப்போம். நீளமாக எழுதினால் தப்பு கூடத்தான் செய்யும். ஒவ்வொரு ஸ்பெல்லிங்குக்கும் வட்டம் போட்டால் பிள்ளை அடுத்த நாளே 'ஐ ஆம் அ கேர்ள்' அளவுக்குச் சுருங்கிவிடும், அதில் தப்பே வராது பாருங்கள். ஒட்டும் பயிற்சி அன்று ஒட்டை மட்டும் திருத்துவோம், ஸ்பெல்லிங்கை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

பக்கத்துப் புதுச்சேரியில் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறியதிலிருந்து, நம் பிள்ளைகளுக்கும் அது வந்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்று பெற்றோர் பலர் என்னிடம் சொல்கிறார்கள். எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் பிள்ளை தன் கையால் தினம் ஒரு வாக்கியமாவது ஒட்டி எழுதினால்தான் வரும். புதுச்சேரியின் பாகூரிலும் அதே கதைதான், நம் பண்ருட்டியிலும் அதே கதைதான்.

கல்வித் துறைக்கு என் வேண்டுகோள், ஆறு முதல் எட்டு வரை வகுப்பிலேயே அவ்வப்போது நடத்தும் வளரறி மதிப்பீட்டில் கொடுத்த வாக்கியத்தை மாற்றும் கேள்விக்குப் பதிலாக, பிள்ளை தன் ஊரைப் பற்றி, வீட்டைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி அதில் குறைந்தது இரண்டு கலவை வாக்கியமாக இருக்க வேண்டும் என்று ஒரு கேள்வி வையுங்கள். பத்திரிகை ஆசிரியரான உங்களுக்கும் ஒன்று: மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு சின்ன இடம் ஒதுக்கி, இரண்டு வரி கொடுத்து ஒட்டச் சொல்லி, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் அனுப்புவதைப் பெயரோடு போடுங்கள். முதல் வாரத்துக்கான வாக்கியங்களை எங்கள் ஏழாம் வகுப்பே எழுதித் தரத் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
நடுநிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை,
கடலூர் முதுநகர்