சில்சிலா குவாரியைக் காட்டித்தந்தவர்களுக்கு

எகிப்தின் ஜபல் அல்-சில்சிலா மணற்கல் குவாரியைப் பற்றிய என் கட்டுரை ஒருவழியாக முடிந்தது. பாராட்டு எனக்கு வருகிறது. வேலையில் பாதி உங்களுடையது.

முதலில் படகோட்டி அண்ணனுக்கு. அஸ்வானுக்கு வடக்கே சுமார் 65 கி.மீ. தொலைவில், இரு பாறைக்குன்றுகளுக்கு நடுவே நைல் ஒடுங்கி ஓடும் இடம் அது. கரையிறங்க நான் அவசரப்பட்டேன். நீங்களோ நடு ஆற்றில் படகை நிதானப்படுத்தி இரு பக்கமும் கைகாட்டினீர்கள். பாறை தண்ணீர் விளிம்புவரை வந்து நிற்கிறது. வெட்டிய கல்லைப் படகில் ஏற்றிவிட்டால் கர்னாக் கோயில் வரைக்கும் ஆற்றோட்டமே சுமந்துபோகும். குவாரி ஏன் இங்கே என்று அப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை.

மேற்குக் கரையில் எகிப்திய அரசன் ஹோரெம்ஹெப்பின் குடைவரைக் கோயிலின் 5 வாசல்களைத் தாண்டி, வெட்டுக்குழிகள் பக்கம் போனபோது என் டார்ச் அணைந்துவிட்டது. காவலர் அண்ணா தன்னுடையதைத் தந்ததோடு, சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடிக்கவும் சொல்லித்தந்தார். நேராக அடித்தபோது வெறும் சுவராக இருந்ததில் வரிவரியாகக் கோடுகள் எழுந்தன. எல்லாமே உளித்தடம் என்று குறித்துக்கொண்டேன்.

படங்களைப் பார்த்த நிலவியல் ஆசிரியை, “பாதி உளி, பாதி ஆறு” என்று சிரித்தார். உளிக்கோடு மூலையோடு நின்றுவிடும். மூலை திரும்பி அடுத்த முகத்திலும் தொடர்வது பாறையின் சொந்த அடுக்கு. 7 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஓடிய நீர் மணலைச் சரித்துப் போட்ட சாய்வு அது. பழுப்பும் மஞ்சளும் இரும்பின் கைவேலை. டீச்சர், நீங்கள் பார்க்காமல் விட்டிருந்தால் ஓர் ஆற்றையே கல்தச்சர் கணக்கில் எழுதியிருப்பேன்!

கல்வெட்டை நள்ளிரவில் வாசித்து அனுப்பிய தோழிக்கும் நன்றி. அரசன் முதலாம் சேத்தியின் 6-ஆம் ஆட்சியாண்டில் இங்கே 1,000 பேர் வேலை செய்தார்களாம். ஆளுக்குத் தினம் 20 தெபென், அதாவது சுமார் 1.8 கிலோ ரொட்டி, 2 கட்டுக் காய்கறி, சுட்ட இறைச்சி, மாதம் 2 ஆடை. சரி, இது அரசன் வெட்டிவைத்த கணக்கு. கல் சுமந்தவன் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்குமோ.

திருத்திய படக்குறிப்புகளை எல்லோருக்கும் அனுப்புகிறேன். காவலர் அண்ணா, உங்கள் டார்ச்சுக்கு ஒரு ஜோடி பேட்டரி பாக்கி இருக்கிறது. மறக்கவில்லை.