அந்த இரைச்சலை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அதிகம் பேர் கேள்விப்படாத பழைய பேய்ப் படங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். இந்த மாதிரிப் படங்களுக்கு ஒரு நாளிதழ் ஒரு பக்கத்தை ஒதுக்கியதே பெரிய காரியம். ஆனால் கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு யோசனை சொல்கிறார். பழைய பிரதிகளில் ஒலி காதுகொடுத்துக் கேட்கும்படி இருக்காதாம். புதிதாக இசையும் ஒலியும் சேர்த்து வந்திருக்கும் பதிப்புகளைத் தேடிப் பார்க்க வேண்டுமாம். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. ரீ-ரெக்கார்டிங் தியேட்டரில் மிக்சிங் வேலை, அதாவது குரலையும் இசையையும் சத்தங்களையும் ஒன்றாகக் கலக்கும் வேலை, பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

காசில்லாத படத்தில் முதல் அடி விழுவது ஒலிக்குத்தான். கேமராவைக் கவனிக்க நாலு பேர் நிற்பார்கள், மைக்கைக் கவனிக்க ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். பிறகு ஏதோ ஒரு அறைக்குள் உட்கார்ந்து அவசர அவசரமாகக் குரல் கொடுப்பார்கள். வெட்டவெளியில் நிற்கிறவன் அலமாரிக்குள்ளிருந்து பேசுவான். காலடிச் சத்தம் கேட்கும், காற்று கேட்காது. குடும்பப் படத்தில் இப்படி வந்தால் எங்கள் வேலையே போயிருக்கும். பேய்ப் படத்தில் கதை வேறு. ஏதோ சரியில்லை என்று காதுக்குத் தெரிந்துவிடும், என்னவென்று மூளைக்குத் தெரியாது. பார்க்கிறவர் நாற்காலியில் நெளிவார். பயத்தில் பாதி அந்த நெளிச்சல்தான்.

மோசமான படம் என்றே பெயர் வாங்கிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'மானோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்', 1966. டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவில், சினிமா எடுத்துப் பழக்கமில்லாத ஹரால்ட் வாரன் எடுத்தது. சாவி கொடுத்து ஓட்டும் 16 மி.மீ. கேமரா, ஒரு தடவைக்கு 32 விநாடிதான் ஓடும், ஒலி எடுக்காது. மொத்தப் படத்துக்கும் நாலைந்து பேர் பின்னால் குரல் கொடுத்துச் சமாளித்தார்கள். அதில் நடித்த சிறுமிக்குப் பெரியவர் ஒருவரின் கீச்சுக் குரல். முதல் திரையிடலில், தன் வாயிலிருந்து யாருடைய குரலோ வருவதைக் கேட்டு அழுதுவிட்டதாக அந்தச் சிறுமியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். படம் எவ்வளவு தத்துப்பித்து என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குழந்தை வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சில்லிடுகிறது. படத்தில் வரும் பூதங்கள் எதுவும் அதைச் செய்யவில்லை.

எதிர் முனையில் 1962இல் வந்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்'. இயக்குநர் ஹெர்க் ஹார்வி, கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸில் பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாடப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். யூட்டாவின் பெரிய உப்பேரிக் கரையில் பாழடைந்து கிடந்த சால்ட்டேர் கேளிக்கை மண்டபத்தைக் காரில் போகையில் பார்த்திருக்கிறார். படம் அங்கிருந்து பிறந்தது. செலவு சுமார் 33,000 டாலர். வெளிறிய முகத்தோடு நாயகியைத் துரத்தும் உருவமும் அவரேதான். அதற்குப் பிறகு அவர் கதைப்படம் எடுக்கவே இல்லை, நமக்குத்தான் நஷ்டம்.

நாயகி, தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். ஜீன் மூரின் பின்னணி இசையும் ஆர்கன்தான். அதனால் கேட்கிற இசை அவள் வாசிப்பதா, வெளியிலிருந்து வருவதா, அவள் தலைக்குள் ஓடுவதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தால் இந்தக் குழப்பம் கிடைத்திருக்குமா? அந்தத் துணிக்கடைக் காட்சியைப் பாருங்கள். உடை மாற்றிக்கொண்டு வெளியே வருகிறாள், யார் கண்ணிலும் அவள் படவில்லை. எதிரில் இருப்பவர்களின் உதடு அசைகிறது, சத்தமில்லை. தெருவில் வண்டிகள் ஓடுகின்றன, சத்தமில்லை. கடைசியில் பூங்காவில் ஒரு மரத்தடியில் நிற்கும்போது ஒரு பறவை கத்துகிறது, உலகம் மொத்தமும் ஒலியோடு திரும்பி வருகிறது. எங்கள் மொழியில் சொன்னால், சில ஒலி டிராக்குகளை இறக்கி ஏற்றியது, அவ்வளவுதான். காலணா செலவில்லை. அந்த மௌனம் காலியாக இருக்கிறதே என்று யாராவது அதில் 'வூம்' என்று ஒரு பேஸ் ஒலியைக் கொண்டுவந்து நிரப்பினால், காட்சி அங்கேயே செத்துப்போகும்.

நிரப்பவும் செய்கிறார்கள். ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) இப்போது பெயர்பெற்ற படம்தான், ஆனால் பிறந்தது இதே வறுமையில். விநியோகத்துக்குப் போகும்போது தலைப்பை மாற்றினார்கள், பழைய தலைப்பு அட்டையோடு காப்புரிமைக் குறிப்பும் கழன்று போனது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் உரிமையும் இல்லை. விளைவு, யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்றானது. வண்ணம் பூசினார்கள். 1999இல் புதிதாகக் காட்சிகள் எடுத்துச் செருகி, புது இசையும் போட்டு ஒரு பதிப்பு விட்டார்கள். மூலத்தில் இருந்தது இசை நூலகத்திலிருந்து எடுத்த சரக்கு. அதில் பொருத்தமானதைப் பொறுக்கி, மின்னணு ஒலிகளைக் கலந்து படத்துக்கு ஏற்றவர் கார்ல் ஹார்ட்மன். படத்தில் நிலவறைக்குள் ஒளிந்துகொண்டு எல்லோரோடும் சண்டை போடுகிறாரே, அவரேதான்! அப்படிக் கோத்த ஒன்றைத் தூக்கிவிட்டுப் புதிதாக வாசித்துவைப்பதற்குப் பெயர் மேம்படுத்தலா?

புதுப்பிக்கவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே படத்தை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும் பழைய படங்களை மீட்கும் ஃபிலிம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் சேர்ந்து மூல நெகட்டிவிலிருந்து மீட்டு 2016இல் திரையிட்டன. அழுக்கைத் துடைத்தார்கள், ஒலியை மோனோவாகவே, அதாவது ஒற்றைத் தடமாகவே விட்டார்கள். தேய்ந்த பிரதியின் ஒலித்தடத்தில் தூசியும் கீறலும் ஏறிப் படபடக்கும். அது காலம் சேர்த்த குப்பை, துடைக்கலாம். படம் எடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போன வெறுமை வேறு. இரண்டையும் பிரிக்கத் தெரியாத கை மிக்சிங் மேசையில் இருக்கக் கூடாது.

கட்டுரையாளருக்கு ஒரு கோரிக்கை. அடுத்த முறை பட்டியல் போடும்போது, படத்தின் பெயர், ஆண்டோடு எந்தப் பதிப்பு, மூல மோனோ ஒலித்தடம் அதில் உண்டா என்பதையும் ஒரு வரியில் போடச் சொல்லுங்கள். இணையத் தளங்கள் ஒலித் தேர்வுப் பட்டியலில் அதைக் கடைசியில் ஒளித்துவைத்திருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. பார்க்கிறவர்களுக்கும் ஒன்று: தொலைக்காட்சியில் 'சரவுண்ட்', 'குரல் தெளிவு' என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிட்டு, ஒற்றை ஸ்பீக்கரில் கேளுங்கள். ஹெட்ஃபோன் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒலிக்கலவையாளர் ஒருவர்