குளியலறை ஜன்னலுக்கு ஒரு வாத்து

மதுரை,
ஐப்பசி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. கொடைக்கானல் வீட்டில் இரண்டு குளியலறையும் வேலை முடிந்து டைல்ஸ் ஒட்டியாச்சு என்று படித்ததும் எனக்கே பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இங்கே மழை பிடித்துக்கொண்டது, வைகையில் தண்ணீர் போகிறது. மல்லிகை வரத்து குறைய ஆரம்பித்துவிட்டது, முகூர்த்த நாளில் விலை கேட்கவே பயமாக இருக்கிறது. ஊசி நூல் வாங்க நாம் புதுமண்டபத்துக்குள் நுழைவோமே, அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அடுத்த தடவை வரும்போது பழைய ஞாபகத்தில் மண்டபத்தைச் சுற்றாதே.

நீ கேட்ட விஷயத்துக்கு, குளியலறையில் வைக்கக் குரோஷா ஊசியில் பின்னுகிற பொம்மைகளுக்கு வருகிறேன். ஜன்னல் திட்டில் உட்கார ஒரு வாத்து, கண்ணாடி ஓரம் தொங்க ஒரு ஆக்டோபஸ், விருந்தாளி அறைக்கு டிஷ்யூ ரோல் மூடி. மூன்றும் உன் கைக்கு நன்றாக வரும். ஆனால் ஹாலில் வைக்கிற பொம்மைக்குப் போடுகிற கணக்கு குளியலறைக்குச் சரிப்படாது. அழகு இரண்டாவதுதான். நனைந்தால் எவ்வளவு சீக்கிரம் காயும் என்று முதலில் கேள். நூல், பஞ்சு, அளவு, வைக்கிற இடம் எல்லாவற்றையும் அதை வைத்தே முடிவு பண்ணு. மதுரையில் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் போட்டால் எதுவும் காய்ந்துவிடும். உன் ஊரில் மேகமே வீட்டுக்குள் வருகிறது, துவைத்த துண்டே காயாமல் கிடக்கும். அதனால் உனக்குக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்.

நூல் அக்ரிலிக் வாங்கு. கடையில் உல்லன் என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான், இருந்தாலும் லேபிளைப் பார்த்து வாங்கு. அக்ரிலிக் இழை தண்ணீரைக் குடிக்காது, பிழிந்து தொங்கவிட்டால் வடிந்துவிடும். காட்டன் நூலில் கண்ணி பளிச்சென்று தெரியும், தொடவும் இதம், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொடைக்கானல் குளிரில் காட்டன் வாத்து உள்ளே நசநசவென்றே இருந்து, அடிப்பக்கம் கறுப்புப் புள்ளி வைத்துவிடும். அந்தப் பூஞ்சைப் புள்ளி ஒரு தடவை விழுந்தால் நூலை விட்டுப் போகாது. அசல் ஆட்டு உல் வேண்டவே வேண்டாம். சூடான சோப்புத் தண்ணீரில் அலசினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். காட்டனை சோப்புப் பைக்கு மட்டும் வைத்துக்கொள். அதற்கும் அடர்நிறம் எடுத்தால் ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார். உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயம் போகிற நூல் உப்பில் போட்டாலும் போகத்தான் செய்யும்.

உள்ளே அடைக்க ரெக்ரான் என்கிற பாலியஸ்டர் பஞ்சுதான். சாதாரணப் பஞ்சு தண்ணீரை உறிஞ்சி, துவைத்ததும் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும், வாடையும் அடிக்கும். போடி பக்கத்திலிருந்து வருகிற இலவம் பஞ்சைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது லேசில் தண்ணீர் குடிக்காது, ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவைக்குள் அடைத்ததே அதைத்தான். ஆனால் இழை குட்டை, வழுக்கும். கண்ணி இடுக்கு வழியாகப் பொடிப்பொடியாக வெளியே வரும். சோப்புப் போட்டு அலசி ஒரு தடவை அமுங்கிவிட்டால் மறுபடி உப்பாது. தலையணைக்கு அருமையான பஞ்சு, இந்த வேலைக்கு ஆகாது.

4 பிளை நூலுக்கு 2.5 மில்லிமீட்டர் குரோஷா ஊசி எடு. பந்து லேபிளில் இதை விடப் பெரிய ஊசி போட்டிருப்பார்கள், அது ஸ்வெட்டருக்கான கணக்கு. அமிகுருமியில், அதாவது இப்படிப் பஞ்சடைத்துப் பின்னுகிற குட்டிப் பொம்மையில், கண்ணி இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும். முழுக்க சிங்கிள் குரோஷே என்கிற குட்டைக் கண்ணி, சுற்று முடிவில் இணைக்காமல் சுருளாகவே போய்க்கொண்டிருக்க வேண்டும். இங்கிலாந்து முறைப் புத்தகத்தில் டபுள் குரோஷே என்று இருந்தால் அதுவும் இதே சிங்கிள்தான். அமெரிக்க முறை டபுளைப் போட்டுவிட்டால் பொம்மை தொளதொளவென்று வரும். சுற்று எங்கே ஆரம்பித்தது என்று தெரிய முதல் கண்ணியில் வேறு நிற நூல் துண்டு ஒன்றைச் செருகி, ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஏற்றிக்கொண்டே போ. இரும்பு ஊக்கு மாட்டாதே, மறந்து உள்ளே தங்கினால் துருக்கறை வெளியே வரும்.

இப்போது வாத்து. திட்டில் உட்கார வேண்டியது என்பதால் அடியிலிருந்து ஆரம்பி. மேஜிக் ரிங்கில், அதாவது இழுத்தால் இறுகுகிற நூல் வளையத்தில், 6 சிங்கிள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டு 12. அடுத்து, ஒன்று சும்மா, ஒன்றில் இரண்டு என்று 18. பிறகு இரண்டு சும்மா, ஒன்றில் இரண்டு: 24. இப்படியே சுற்றுக்கு 6 கூட்டி 30, ஆறாம் சுற்றில் 36. தட்டு மேஜையில் படிந்து கிடக்க வேண்டும். ஓரம் அப்பளம் மாதிரி நெளிந்தால் எங்கோ அதிகம் கூட்டியிருக்கிறாய். கிண்ணமாகக் குழிந்தால் எங்கோ கூட்டாமல் விட்டிருக்கிறாய், அல்லது ரொம்ப இறுக்கிப் பின்னுகிறாய். எந்தச் சுற்றில் தப்பு என்று தேடி அங்கே வரைக்கும் பிரித்துவிடு. மேலே சரிக்கட்டலாம் என்று போனால் வாத்து சாய்ந்துதான் உட்காரும்.

ஏழாம் சுற்றில் கண்ணியின் பின் இழையை மட்டும் எடுத்து 36 போடு. அங்கே ஒரு விளிம்பு மடிந்து நிற்கும், அடி தட்டையாக இருப்பது அதனால்தான். 8 முதல் 13 வரை கூட்டாமல் குறைக்காமல் 36. பின்னல் தானாக உள்ளே சுருளப் பார்க்கும். சின்னச் சின்ன வி எழுத்து மாதிரி தெரிகிற பக்கம் வெளியே வருகிறதா என்று இங்கேயே பார்த்துத் திருப்பிக்கொள். 14-இல் நாலு சும்மா, இரண்டை ஒன்றாக்கி 30. 15-இல் 24, 16-இல் 18. இதுதான் கழுத்து.

குறைக்கும்போது இரண்டு கண்ணியையும் முழுசாக எடுத்தால் ஓட்டை தெரியும், ஈரப் பஞ்சு அங்கேதான் பிதுங்கும். அடுத்த இரண்டு கண்ணிகளின் முன் இழையை மட்டும் வரிசையாக ஊசியில் ஏற்று. நூலைச் சுற்றி அந்த இரண்டுக்குள்ளும் இழு. ஊசியில் இரண்டு வளையம் நிற்கும், மறுபடி சுற்றி இரண்டையும் சேர்த்து இழு. வெளியே பார்த்தால் சாதாரணக் கண்ணிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. மெனக்கெட்டுப் பழகிக்கொள், பொம்மை நேர்த்தியாகத் தெரிவதில் பாதி இந்த ஒரு கண்ணியில்தான் இருக்கிறது.

17-ஆம் சுற்று 18 அப்படியே. இப்போது உடம்பில் பஞ்சு அடை. காற்றில் விழாமல் இருக்கக் கனம் வேண்டுமென்றால் இரண்டு மூன்று கோலிக்குண்டை நைலான் துணியில் முடிந்து அடியில் வை. அரிசி, பயறு வைத்தால் பூச்சி வரும், முளைத்தும்விடும். இரும்பு நட்டு துருப்பிடிக்கும். உடம்புக்கு மிதமாக அடைத்தால் போதும், இறுக்கி அடைத்தால் நடுவில் ஈரம் தங்கிவிடும். கழுத்து மட்டும் விதிவிலக்கு. அங்கே விரலால் குத்திக் குத்தி அடைக்காவிட்டால், முதல் துவையலிலேயே தலை மார்பில் சாய்ந்துவிடும்.

தலைக்கு 18-ஆம் சுற்றில் 24, 19-இல் 30, 20 முதல் 24 வரை 30 அப்படியே. கண் வைக்கிற இடம் 21-க்கும் 22-க்கும் நடுவில், ஆறு கண்ணி இடைவெளி விட்டு. 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கண். அதன் பின்மூடியும் பிளாஸ்டிக்தானா என்று பார். தலையை மூடுவதற்கு முன்னாலேயே பூட்டிவிட வேண்டும், அப்புறம் கை போகாது. வருகிறவர்களோடு மூன்று வயசுக்குள் குழந்தை இருந்தால் பிளாஸ்டிக் கண்ணே வேண்டாம், கறுப்பு நூலில் தைத்துவிடு. 25-இல் 24, 26-இல் 18, 27-இல் 12, பஞ்சு அடைத்து 28-இல் 6. மிச்ச நூலை அந்த ஆறு கண்ணியின் முன் இழை வழியாகக் கோத்துச் சுண்டி இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும்.

அலகுக்கு ஆரஞ்சு நூலில் 6, அடுத்து 9, மறுபடி 9. பஞ்சில்லாமல் தட்டையாக அழுத்தி, கண் இரண்டுக்கும் நடுவில் தைத்துவிடு. சிறகுக்கு 6, 12, 18 என்று வட்டம் போட்டுப் பாதியாக மடித்து ஓரத்தை மூடு. அதிலும் பஞ்சு வேண்டாம், அவ்வளவும் சீக்கிரம் காயும். உடம்பில் 12-ஆம் சுற்றை ஒட்டி இரண்டு பக்கமும் தை. எதையும் பசை போட்டு ஒட்டாதே, வெள்ளைப் பசை ஈரத்தில் இளகிவிடும். 50 கிராம் மஞ்சள் பந்து ஒன்றில் வாத்து முடிந்து நூல் மிச்சமிருக்கும். உள்ளங்கையில் நிற்கிற அளவு வரும். இதை விடப் பெரிசாகப் போட ஆசைப்படாதே. பருமன் கூடக் கூட நடுப்பஞ்சு காய நேரமாகும்.

குளியலறைப் பொம்மையில் முதலில் விட்டுப்போவது மேஜிக் ரிங். அடிக்கடி அலசிப் பிழிவதால் அந்த வளையம் மெல்லத் தளர்ந்து, நட்ட நடுவில் ஓட்டை விழும். ஆரம்பிக்கும்போதே ஒரு சாண் நூல் வால் விட்டு, இழுத்து இறுக்கின பிறகு அதே வளையத்துக்குள் தையல் ஊசியால் இரண்டு சுற்று ஓட்டி உள்பக்கம் முடிச்சுப் போடு.

ஆக்டோபஸ் தலைக்கு 6-இல் தொடங்கி 30 வரை ஏற்றி, ஐந்து சுற்று நேராகப் போய், அதே கணக்கில் இறக்கி மூடு. கை எட்டும் தனித்தனி. செயின் (சங்கிலிக் கண்ணி) 20 போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி ஒவ்வொன்றிலும் மூன்று சிங்கிள் போட்டுக்கொண்டே வா. தானாகச் சுருண்டுவிடும், அதுதான் அழகே. தொங்கவிடக் காட்டன் கயிறு வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மீன்பிடி நைலான் நரம்பைத் தலை உச்சியிலிருந்து அடி வரை கோத்து, அடியில் ஒரு பிளாஸ்டிக் பட்டனில் முடிந்துவிடு. வெறும் முடிச்சென்றால் கண்ணியைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். சுருள் கை வாஷ்பேசின் குழாய்க்கு மேலே தொங்கக் கூடாது, பற்பசைத் துளி தெறித்தால் சுருளுக்குள் போய்க் காய்ந்துவிடும்.

ரோல் மூடி சுலபம். வாத்தின் அடித்தட்டையே தொடர்ந்து கூட்டிக்கொண்டு போ. பதின்மூன்றாம் சுற்றில் 78 கண்ணி வரும், குறுக்கே 11 சென்டிமீட்டர் சுமார். ரோலை மேலே வைத்துப் பார்த்து ஒரு விரல் தளர்வாக இருந்தால் நிறுத்து. பிறகு பின் இழையில் ஒரு சுற்று, ரோல் உயரத்துக்கு நேராக இறக்கு. மேலே ஒரு குட்டி மீன் தைத்தால் நம் பாண்டிய நாட்டுச் சின்னமும் ஆச்சு. தாமரை, கிளி என்று கோயில் ஞாபகம் வருகிறதை அங்கே வைக்க எனக்கு மனசு வராது. மீன், தவளை, வாத்து, திமிங்கலம் போதும்.

இடம் விஷயத்தில் சமரசம் பண்ணாதே. நம் வீடுகளில் குளிக்கிற தண்ணீர் அறை முழுக்கத் தெறிக்கிறது. வாளியும் ஷவரும் இருக்கிற பக்கத்துச் சுவரில் எதுவும் வேண்டாம். தோளுக்கு மேலே, காற்று வருகிற ஜன்னல் பக்கம் வை. கீசர் குழாய்ப் பக்கமும் வேண்டாம், அக்ரிலிக் சூடு தாங்காது. சுவரில் ஒட்டுகிற ரப்பர் கப்பு இங்கே நிற்காததற்குக் காரணம் போர்த் தண்ணீரின் உப்புப்படலம்தான். உங்கள் டைல்ஸிலும் வெள்ளை படர்ந்தால் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டு.

கழிவறை கழுவும்போது பொம்மைகளை முதலில் வெளியே எடுத்துவிடு. ஆசிட் பட்டால் காட்டன் நூல் இற்றுப்போகும், பிளீச்சிங் பட்டால் நிறம் வெளுக்கும். இன்னொன்று, பொம்மைக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்கிறேன்: ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் ஒரே நேரத்தில் ஊற்ற வேலைக்கு வருகிற பெண்ணை விடாதே. அதில் கிளம்புவது குளோரின் வாயு, மூச்சை அடைத்துவிடும்.

துவைக்க வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு போதும். முறுக்காதே, துண்டில் சுருட்டி மேலே அழுத்தி ஈரம் எடு, பிறகு வலைப்பையில் போட்டுக் காற்றில் தொங்கவிடு. வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், அதை நம்பாதே. கட்டைவிரலால் வயிற்றை அழுத்தி மூக்கருகே வை. ஜில்லென்றோ வாடையாகவோ இருந்தால் இன்னும் தொங்கட்டும். மேக மாசத்தில் ஒரு ஜோடி வாத்து போதாது. இரண்டு ஜோடி போட்டு வைத்து, ஒன்று திட்டில் இருக்கும்போது மற்றது சமையலறைப் பக்கம் காயட்டும்.

ஜன்னல் திட்டின் அகலம் எவ்வளவு, டைல்ஸ் என்ன நிறம் என்று எழுது. அகலம் 7 சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் அடித்தட்டை 30 கண்ணியோடு நிறுத்தி, மேலே அதற்கேற்ப மாற்றித் தருகிறேன். மஞ்சளும் ஆரஞ்சும் இங்கேயே வாங்கி, ரெக்ரானோடு சேர்த்து பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மீனா